எம்.பி. வீட்டு அலமாரியில் ஒரு சோலார் விளக்கு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, டெல்லியிலேயே ஒரு வீடு பார்த்திருக்கிறேன், முன்பணம் கொடுக்கப் போகிறேன், நீயும் இங்கேயே வந்துவிடும்மா என்று சொன்னாய். நான் வழக்கம்போல "உன் இஷ்டம்பா" என்றேன். அப்புறம் சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்று பேச்சை மாற்றிவிட்டேன். நீயும் அதை நம்பி போனை வைத்துவிட்டாய். அது என் இஷ்டமே இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் இதையெல்லாம் சொல்ல எனக்கு வராது. நீ "சொல்லும்மா" என்று கேட்டவுடனே வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன். எழுத்தில் என்றால் நடுவில் மூக்கைச் சிந்திவிட்டு வந்து உட்காரலாம், உனக்குத் தெரியாது.

இப்போது மதியம், கரண்ட் இல்லை. முறை வைத்து நிறுத்துகிறார்கள். நம் இரும்புலியூர் வீட்டில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற பஸ் சத்தம் நடுவீட்டில் கேட்கிறது. நீ இருந்தவரை இந்த வீட்டில் பஸ் சத்தம் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. நீயும் உன் டேப் ரெக்கார்டரும் போட்ட சத்தத்தில் வேறு எது கேட்கும்! அப்போதெல்லாம் கொஞ்சம் சும்மா இருடா என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். இப்போது வீடு சும்மாதான் இருக்கிறது, எனக்குத்தான் பிடிக்கவில்லை.

உங்கப்பா போன பிறகு பம்மல் பட்டறையில் அவருடைய நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தது உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். பழைய தோல் கிடங்கு அது, மழை பெய்தால் இன்றைக்கும் சுவரிலிருந்து தோல் வாடை வரும். உங்கப்பாவும் காதர் பாயும் கூட்டாக ஆரம்பித்த தொழில். சோலார் விளக்குகளுக்குப் பெட்டி செய்து, பேட்டரி வைத்து, ஒயர் இணைத்து, பேனலோடு சேர்த்து விற்பது. எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. காதர் பாய்தான், "தங்கச்சி, நீ வேலை எதுவும் கத்துக்க வேணாம், வர்றவங்ககிட்ட பேசு போதும்"னு சொல்லி உட்கார வைத்தார். நான் பேசினேன். வாங்குகிற ஒவ்வொருவரிடமும், "தினமும் வெயில்ல வெக்கணும். மறந்துட்டீங்கன்னா பேட்டரி செத்துடும், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்று சொல்லாமல் அனுப்பியதில்லை. நீ கூட ராத்திரி சாப்பிடும்போது என்னைப் போலவே விரலை ஆட்டிக்கொண்டு, "தினமும் வெயில்ல வெக்கணும்" என்று ரசத்துக்கு உபதேசம் செய்வாய். காதர் பாய் வீட்டுக்கு வந்தால் அவருக்கும் நடித்துக் காட்டுவாய். அவர் சிரித்துச் சிரித்து இருமுவார்.

நம்மிடம் வாங்கியவர்கள் யார் என்று பார். மாலையில் தள்ளுவண்டி போடுகிறவர்கள், தாம்பரம் மார்க்கெட் ஓரம் பூ விற்கிறவர்கள், கரண்ட் போனால் தறி நின்றுவிடுகிற அனகாபுத்தூர் நெசவாளர்கள். விலையில் பெரும்பகுதியை அரசாங்கம் மானியமாகக் கொடுத்துக்கொண்டிருந்ததால்தான் அவர்களால் வாங்க முடிந்தது. திடீரென்று ஒரு நாள் மானியத்தைக் குறைத்துவிட்டோம் என்று ஒரு தாள் வந்தது. அன்றைக்கு மாலையே ஸ்டேஷன் பக்கம் இட்லிக்கடை போடும் வசந்தா, தான் சொல்லிவைத்த விளக்கை எடுத்துப்போக வந்துவிட்டாள். நான் புது விலையைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா, அன்னிக்கு ஒரு வெல சொன்ன, இன்னிக்கு ஒரு வெல சொல்ற? லைட்டு அதே லைட்டுதான கீது?"

"கவர்மெண்ட்ல மானியத்தைக் கொறைச்சுட்டாங்க வசந்தா. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்போ கவர்மெண்டாண்ட போய்க் கேளு. என்னாண்ட வந்து கேட்டா நான் எங்க போவேன்? பெட்ரோமாக்ஸ் வாடகை குட்த்தே என் பொழப்பு பேஜாராப் பூட்ச்சு."

கோபமாகச் சொன்னாளே தவிர, போகும்போது, "போறதுன்னா சொல்லு, நானும் வரேன்" என்றாள். நாங்கள் மனு கொடுக்கப் போனதற்கு அவள்தான் காரணம். உன் அம்மா அதுவரை ரேஷன் கடையில் கூட அளவு குறைந்தால் வாயைத் திறக்காதவள்.

முதலில் கவுன்சிலர், அப்புறம் எம்.எல்.ஏ. எம்.எல்.ஏ. நல்ல மனிதர்தான். மோர் கொடுத்து, "இது சென்ட்ரல் விஷயம்மா, என் கையில இல்ல, எம்.பி.யைப் பாருங்க" என்று அனுப்பிவைத்தார். எம்.பி. வீட்டு வாசலில் காத்துக்கிடப்பது ஒரு தனி வாழ்க்கை. கல்யாணப் பத்திரிகையோடு சிலர், வேலை மாற்றல் கேட்டுச் சிலர், எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோய்ப் பேப்பர் படித்துக்கொண்டு சிலர். நான் எழுதிக் கொண்டுபோன மனுவில் இல்லாத கோரிக்கை கிடையாது. மானியம் வேண்டும், பேட்டரிக்கு வரி குறைய வேண்டும், பாங்கில் கடன் வேண்டும், போகிற போக்கில் பட்டறை இருக்கிற தெருவுக்குச் சாக்கடை மூடியும் வேண்டும் என்று எழுதியிருந்தேன். உங்கப்பா போனதிலிருந்து யாரிடமும் எதுவும் கேட்காமல் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே நாளில் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று காதர் பாய் சொல்லியிருந்தார். எல்லோரும் சால்வையும் எலுமிச்சம்பழமும் கொண்டுபோவார்கள். அவர் யோசித்து, "சால்வை அங்க மலை மாதிரி கெடக்கும் தங்கச்சி, நாம நம்ம விளக்கையே குடுப்போம்" என்றார். பட்டறையிலேயே நல்ல விளக்காகத் தேர்ந்தெடுத்து, துடைத்து, ஜரிகை ரிப்பன் கட்டிக் கொண்டுபோனோம். எம்.பி. அதை இரண்டு கையாலும் வாங்கினார். சுவிட்சைப் போட்டதும் பளிச்சென்று எரிந்தது, கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள், ஒருவர் போட்டோ எடுத்தார். வசந்தா என் காதில், "என் லைட்டுக்கு வந்த வாழ்வப் பாரு" என்றாள். அப்போது அவருடைய பி.ஏ. விளக்கைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "மேடம், இதை என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

தம்பி, விளக்கு வாங்குகிற எல்லோரும் கேட்கிற அதே கேள்விதான். பூக்காரம்மா கேட்டிருந்தால் விரலை ஆட்டிக்கொண்டு சொல்லியிருப்பேன். பெரிய மனிதர் வீடு, பளிங்குத் தரை, சுற்றி வெள்ளைச் சட்டைகள். இவர்களிடம் போய் மொட்டை மாடியில் வை, தினமும் வெயிலில் காட்டு என்று வேலை சொல்வதா என்று கூச்சம் வந்துவிட்டது. "பத்திரமா வெச்சுக்கங்க சார்" என்றேன். அவரும் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அந்த பி.ஏ.யை நான் குறை சொல்ல மாட்டேன். கேட் வரை கூட வந்து, "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு கேட்டா எதுவும் நடக்காது. மனுன்னா ஒண்ணே ஒண்ணு கேக்கணும். படிக்கறவர் மனசுல அது ஒண்ணுதான் நிக்கணும்" என்று சொல்லி அனுப்பினார். அன்று வீட்டுக்கு வந்து மனுவின் நகலை உன்னிடம் கொடுத்தேன். நீ கல்லூரியில் கடைசி வருஷம். என் மனுவைப் படித்துவிட்டு, "சாக்கடை மூடிக்கும் சூரியனுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேலி செய்தாய். பிறகு மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த பேனல்களுக்கு நடுவில் உட்கார்ந்து, மானியத்தைப் பழையபடி தொடர வேண்டும் என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தாய். அதை எடுத்துக்கொண்டு எத்தனை முறை போனோம்! ஒரு முறை எம்.பி. டெல்லியில், ஒரு முறை கட்சிக் கூட்டத்தில், ஒரு முறை தூங்கிக்கொண்டிருந்தார். மாதங்கள் ஓடிய பிறகு ஒரு நாள் காலையில் நேரம் கிடைத்தது. அன்றைக்கு நீயும் வந்தாய்.

நாம் உள்ளே போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. திரைச்சீலையெல்லாம் இழுத்துவிட்டிருந்த கூடம் பகலிலேயே இருட்டிவிட்டது. அவர் குஷியாக, "நல்ல வேளைக்கு சோலார் அம்மா வந்திருக்காங்க. எங்கய்யா அந்த விளக்கு? கொண்டா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணாடி அலமாரியைத் திறந்து, வெள்ளி வேலுக்கும் கேடயங்களுக்கும் நடுவிலிருந்து அதை எடுத்தார்கள். ரிப்பன் கூட அவிழ்க்கவில்லை. ரிப்பனைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சுவிட்சைப் போட்டார். குழல் விளக்கின் இரண்டு ஓரமும் லேசாகச் சிவந்து, அவ்வளவுதான், அணைந்தது. திரும்பவும் போட்டார். அதுவும் இல்லை.

"என்னம்மா இது, உங்க விளக்கே எரியல. இதுக்கா மானியம் கேக்கறீங்க?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காதர் பாய் தலையைக் குனிந்துகொண்டார்.  இத்தனை மாதம் அலைந்ததும், அத்தனை பேர் நம்பிக் காத்திருப்பதும் என் ஒரு வார்த்தையால் போனது என்று எனக்கு அங்கேயே அழுகை முட்டியது. அப்போதுதான் நீ எழுந்தாய்.

"சார், அந்த விளக்கு மேல தப்பில்ல. வந்த நாள்லேர்ந்து அது வெயிலையே பார்க்கல. அலமாரியிலயே இருந்தா எப்படி எரியும்? மானியமும் அப்படித்தான் சார். ஆரம்பிச்சு வெச்சாங்க, ஜனங்க வாங்க ஆரம்பிச்சாங்க, உடனே உள்ள எடுத்து வெச்சுட்டாங்க. நாளைக்கு, பாருங்க, சோலார் எடுபடலைன்னு அவங்களே சொல்லப் போறாங்க."

 அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். மனுவை வாங்கி முழுசாகப் படித்தார். பிறகு உன் தோளில் கை போட்டு, "தம்பி, இதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? டெல்லியில இருந்து சொல்லணும். அங்க இதையெல்லாம் எடுத்துச் சொல்ல நம்ம ஊர்ப் பசங்க இல்ல" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பம்மலுக்குத் திரும்பிய ஷேர் ஆட்டோவில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், எம்.பி.யே என் பையன் தோளில் கை போட்டுப் பேசினார் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். நீ வெட்கப்பட்டு ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். அந்த வார்த்தை உனக்குள்ளே போய் உட்கார்ந்துவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

எம்.பி. நம் மனுவோடு டெல்லி அமைச்சகத்துக்குக் கடிதம் அனுப்பினார். பதிலும் வந்தது. கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று ஒரே வரி. காதர் பாய் அதைப் பட்டறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். பரிசீலனை என்றால் நடக்கப் போகிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஒவ்வொரு மாதமும் நினைத்தோம். அந்தப் பரிசீலனை இன்றைக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது போல. நம் பட்டறையில் இப்போது இன்வெர்ட்டர் வியாபாரம். ஊரெல்லாம் கரண்ட் போவதால் அது நன்றாகவே ஓடுகிறது. மேலே படிக்க என்று நீ டெல்லிக்குப் போனாய், அங்கேயே மின்சாரக் கொள்கை, மானியம் என்று ஆராய்கிற ஆபீசில் வேலைக்கும் சேர்ந்தாய். மானியம் கேட்கப் போன இடத்தில் மகனைக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று நான் ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னேன். காதர் பாய் சிரிக்கவில்லை.

சென்ட்ரலில் உன்னை ரயில் ஏற்றிய நாளை நினைத்துப் பார்க்கிறேன். நீ படிக்கட்டில் நின்றுகொண்டு, "என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாய். படித்து முடித்ததும் வந்துவிடு, அங்கேயே இருந்துவிடாதே என்பதுதான் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அம்மா அழுது பிடித்து நிறுத்தினாள் என்று ஆகிவிடக் கூடாதே. "பத்திரமா இருப்பா" என்றேன். இப்போது இதை எழுதும்போதுதான் தெரிகிறது, அங்கேயும் அதே வார்த்தைதான். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, மரியாதையாக ஒரு வார்த்தை. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி என்று ஏதாவது இருந்தால் இதுதான்: எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், எவ்வளவு வேண்டிய ஆளாக இருந்தாலும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடு. நாளைக்கு உன் பெண்டாட்டியிடமும் சொல்லு. அவளே புரிந்துகொள்வாள் என்று இருக்காதே, உங்கப்பா அப்படித்தான் இருந்தார், எனக்குப் பாதி புரியவே இல்லை.

அந்த அலமாரி விளக்கு என்ன ஆனது என்று நீ கேட்டதே இல்லை. அன்றே பி.ஏ. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காதர் பாய் புது பேட்டரி போட்டு, வசந்தாவிடம் கொடுத்து, "வெலையைப் பத்திக் கேட்டீன்னா எனக்குக் கோவம் வரும்" என்று சொல்லிவிட்டார். இன்றைக்கும் ஸ்டேஷன் பக்கத்தில் அவள் வண்டியில் அதுதான் எரிகிறது. பகலெல்லாம் பேனல் அவள் வீட்டு ஓட்டு மேல் கிடக்கிறது. நான் சில நாள் மாலையில் போய் அவள் வண்டிக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். ஒருத்திக்காக அடுப்புப் பற்றவைக்கச் சலிப்பாக இருக்கும். உண்மையைச் சொன்னால் சலிப்பு மட்டும் இல்லை. மின்சார ரயில் வந்து நிற்கும்போது இறங்கி வருகிற கூட்டத்தைப் பார்ப்பேன். நீ கல்லூரி விட்டு வருவாயே, பையை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, அப்படி ஒரு பையனாவது ஒவ்வொரு ரயிலிலும் இருக்கிறான். நீ இல்லை என்று தெரிந்தேதான் பார்க்கிறேன். பக்கத்தில் வந்து முகம் தெரிகிறவரை பார்ப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் போனை வைத்துவிட்டு நேராக அங்கேதான் போனேன். நீ டெல்லியில் வீடு வாங்கப் போவதைச் சொன்னேன். வசந்தா இட்லித் தட்டை இறக்கிக்கொண்டே கேட்டாள்.

"நீ இன்னா சொன்ன?"

"அவன் இஷ்டம்னு சொன்னேன்."

"இன்னாக்கா நீ! எம்.பி. வூட்டாண்ட அவ்ளோ நாளு குந்திகினு கெடந்த. அந்தாளு உனக்கு மாமனா மச்சானா? பெத்த புள்ளையாண்ட ஒரு வார்த்த கேக்க வாய் வர்லியா? கேளுக்கா. குட்த்தா குடுக்கட்டும், இல்லாட்டி போவட்டும். கேக்காமலே குடுக்கலன்னு அழுதுகினு இருந்தா எப்டி?"

 இரண்டு இட்லியை வைத்துக்கொண்டு அந்த விளக்கு வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது வாஸ்தவம். கவுன்சிலரைக் கேட்டேன், எம்.எல்.ஏ.வைக் கேட்டேன், எம்.பி.யைக் கேட்டேன். உன்னை ஒரு நாளும் கேட்டதில்லை. நீயாக வருவாய் என்று காத்திருந்தேன். நீ உன் பக்கம், அம்மாவுக்கு ஒன்றும் வேண்டாம் போலிருக்கிறது, அவள் பாட்டுக்கு நன்றாக இருக்கிறாள் என்று நினைத்திருப்பாய். நினைக்காமல் எப்படி இருப்பாய், நான் அப்படித்தானே பேசினேன்.

உன் வேலை பெரிய வேலை என்பது எனக்குத் தெரியும். எத்தனையோ வசந்தாக்களுக்கு அங்கே நீ பேசுகிறாய். அதை விட்டுவிட்டு வா என்று கேட்பது நியாயமா என்று நானே என்னோடு சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். நியாயம் உன் பக்கம்தான் வருகிறது. ஆனால் மனு கொடுக்கிறவர்கள் எல்லோரும் நியாயத்தை அளந்து பார்த்துவிட்டா கொடுக்கிறார்கள்? வேண்டும் என்பதால் கொடுக்கிறார்கள். என்னால் அங்கே வந்து இருக்க முடியாது தம்பி. அந்த ஊர் பாஷையில் எனக்குக் காய்கறிக்காரனோடு சண்டை போடக்கூடத் தெரியாது. காதர் பாய்க்கும் வயதாகிறது. பட்டறையில் பாதி இடம் சும்மா கிடக்கிறது, தம்பி வந்தால் திரும்பவும் சோலார் ஆரம்பிக்கலாம் என்று அவர் அடிக்கடி சொல்கிறார். நான் அதையும் உன்னிடம் சொன்னதில்லை. ஒருவேளை அங்கேயே வாங்குவதென்று முடிவானால், பேனல் வைக்கத் தெற்குப் பக்கம் மறைப்பில்லாத மொட்டை மாடியாகப் பார்த்து வாங்கு. இதையும் வாங்கினவர்களிடமெல்லாம் சொல்கிறவள்தான், உனக்கு மட்டும் சொல்லாமல் விடுவேனா?

அதனால் இதை மனுவாகவே எடுத்துக்கொள். அந்த பி.ஏ. சொல்லிக்கொடுத்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். திரும்பி வந்துவிடு. எனக்கு உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முடியாது என்றால் முடியாது என்று எழுது, நான் தாங்கிக்கொள்வேன், வசந்தாவிடம் போய் உன்னைத் திட்டிவிட்டு இரண்டு இட்லி சாப்பிடுவேன். பரிசீலனையில் இருக்கிறது என்று மட்டும் எழுதிவிடாதே. டெல்லியிலிருந்து அப்படி ஒரு பதிலை நம்பி நான் ஏற்கெனவே காத்திருந்தவள்.

அம்மா